இடது பொத்தான்

நவம்பர் 3, திங்கள்

விடியலிலிருந்து தூறல். கம்பெனி பஸ் பெருங்களத்தூர் நிறுத்தத்துக்கு 6.10. ஐந்து நிமிடம் முன்பே போய் நின்றேன். ஸ்கெட்ச் நோட்டின் ஓரம் நனைந்துவிட்டது.

ஆறு வாரம் ஒரு தொழிற்சாலைக்குள் ஓவியராக. அடையாள அட்டையில் 'ஆர்ட்டிஸ்ட் இன் ரெசிடென்ஸ்'. வாட்ச்மேன் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இங்கியே தங்கப் போறீங்களா மேடம்? பாத்ரூமே சரியா இல்லியே" என்றார். இல்லை, பீர்க்கன்கரணையில் அம்மாவோடுதான் என்றேன். நிம்மதியானார்.

கொடுத்தவை: மஞ்சள் ஹெல்மெட். காதடைப்பான். இரும்பு மூக்கு வைத்த ஷூ, ஒரு சைஸ் பெரிது. கேன்டீன் பக்கத்து அறையில் ஒரு மேஜை.
கொடுக்காதது: என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சொல்.

இங்கே செய்வது கார் சீட்டுக்கு அடியில் மாட்டும் இரும்புத் துண்டு. காரில் போகும் யாரும் அதைப் பார்ப்பதில்லை. இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஏன் என்று யோசிக்க வேண்டும்.

எச்.ஆர். பிரசன்னாவுக்கு என் வயதுதான் இருக்கும். என் விண்ணப்பத்தின் ஒரு வரியை மனப்பாடமாகச் சொன்னார்: 'நான் பார்ப்பதை மட்டுமே வரைகிறேன். எதையும் சேர்ப்பதில்லை, எதையும் நீக்குவதில்லை.' "சூப்பர் லைன். அதுக்காகத்தான் உங்கள செலக்ட் பண்ணோம்." எனக்குக் கூச்சம். பெருமையும்.

தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பின் சத்தம் காதை அடைத்தாலும் வருகிறது. பாதம் வழியாக ஏறுகிறது.


நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

சூப்பர்வைசர் தனசேகர் பிரஸ் மெஷினை விளக்கினார். தகட்டை உள்ளே வைக்க வேண்டும். பிறகு இரண்டு பச்சைப் பொத்தான்கள், இடது ஒன்று, வலது ஒன்று, இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். "ரெண்டு கையும் பட்டன்ல இருக்குறப்ப உள்ள கை இருக்க சான்ஸே இல்ல பாருங்க மேடம். அதான் சேஃப்டி." கேட்டுக்கொண்டே அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைக்கு நடுவே விரல் பட்டுத் தேய்ந்து வெளுத்த வட்டம்.

ஒரு கோடும் வரவில்லை. மெஷின்களை வரைந்தால் கேட்லாக் மாதிரி இருக்கிறது. முகங்களை வரைந்தால் சுவரொட்டி மாதிரி.

ஏழாம் எண் மெஷினில் ஒரு பெண்மணி. முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் துப்பட்டா, அதன் மேல் தொப்பி. மூன்று மணி நேரம் நான் நிற்பதைக் கவனித்துவிட்டு, டீ பெல் அடித்ததும் வந்தார்.

"இன்னா மேடம், வண்டலூர்ல கூண்டுக்கு வெளிய நின்னுகினு பாப்பாங்களே, அத்த மாதிரி பாக்குற?"

நோட்டை மூடினேன்.

"கடல வேணா வாங்கிப் போடு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் பெயர் ஷாகிதா. இரும்புலியூரிலிருந்து வருகிறார். நாளைக்கு உண்மையிலேயே கடலை வாங்கிப் போக வேண்டும்.


நவம்பர் 5, புதன்

வாங்கிப் போனேன். "வெவரமான கொரங்குதான் நீ" என்றார் ஷாகிதா அக்கா. கொறித்துக்கொண்டே என் நோட்டைப் புரட்டினார். "மூஞ்ச வரையாத. என் மூஞ்சில ஒண்ணும் இல்ல. வேல செய்றது கைதான்."

இரண்டு நாளாக நான் தேடியது இதைத்தான். ஒரு வாய்க் கடலைக்கு நடுவே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.


நவம்பர் 7, வெள்ளி

வெயில். மேற்கூரைக் கண்ணாடி வழியாக ஒரு பட்டை வெளிச்சம், பத்து மணிக்குச் சரியாக ஏழாம் மெஷின் மேல்.

வந்துவிட்டது. பென்சிலில், நோட்டின் 14ஆம் பக்கம். ஷா. அக்காவின் இரண்டு கைகள். வலது கை பொத்தானில். இடது கை தகட்டை உள்ளே நீட்டுகிறது, தாளத்துக்கு நழுவி வெளியே வருகிறது, மறுபடி நீட்டுகிறது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் மெஷின் நெற்றியில் இன்னும் காய்ந்து ஒட்டியிருக்கிறது. இடது பொத்தானின் குறுக்கே ஒரு கறுப்பு ரப்பர் பட்டை, இறுக்கமாக. பச்சை மேல் கறுப்பு. படம் முழுவதும் அந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது. அதை எடுத்தால் விழுந்துவிடும்.

பட்டை எதற்கு என்று கேட்கவில்லை. வெளிச்சம் நகர்ந்துகொண்டிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் தூங்கிவிட்டேன். மகிழ்ச்சியாக இருந்தேன் என்று நினைக்கிறேன்.


நவம்பர் 11, செவ்வாய்

மூன்று நாளாகப் பெரிய தாளில். கரி. பொத்தான்களுக்கு மட்டும் பச்சை. விரல் இடுக்கெல்லாம் கறுப்பு, அம்மா, "நீயும் மெஷின் ஓட்டுறியா அங்க?" என்றாள்.

பிரசன்னா வந்து பார்த்தார். "வாவ். கேன்டீன் போற வழியில மாட்டிடலாம். வெள்ளிக்கிழமை கஸ்டமர் ஆடிட் வேற இருக்கு." கார் கம்பெனியிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம்.


நவம்பர் 12, புதன்

மாட்டியாயிற்று. கண்ணாடிச் சட்டம். கீழே என் பெயர், அதன் கீழே அந்த வரி, தமிழிலும் ஆங்கிலத்திலும்: 'நான் பார்ப்பதை மட்டுமே வரைகிறேன். எதையும் சேர்ப்பதில்லை, எதையும் நீக்குவதில்லை.'

சாப்பாட்டு நேரம். எல்லோரும் தட்டோடு நின்று பார்த்தார்கள். நான் எதிர்பார்த்த மாதிரி யாரும் பேசவில்லை. ஒருவர் இன்னொருவரை முழங்கையால் இடித்தார். அவ்வளவுதான்.

ஷா. அக்கா வெகுநேரம் நின்றார். தனசேகரும் அங்கேதான் நின்றிருந்தார், பல் குத்திக்கொண்டு.

"கை நல்லா வந்துகீது. அந்தக் கறுப்ப மட்டும் எடுத்துடு மேடம்."

"ஏன் அக்கா?"

"நல்லா இல்ல."

விளக்கினேன். அந்தக் கறுப்பு இருப்பதால்தான் கண் அங்கே நிற்கிறது, அது இல்லையென்றால் படம் இல்லை என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொன்னா கேளு. எடுத்துடு" என்றார் மறுபடி. நான் சிரித்து, அந்த வரியைக் காட்டினேன். எதையும் நீக்குவதில்லை.

தட்டைக் கழுவப் போய்விட்டார்.

என் முதல் விமர்சகர். விட்டுக்கொடுக்காமல் பேசினேன். கல்லூரியில் இப்படிப் பேச வந்ததில்லை.


நவம்பர் 14, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

10.30. ஆடிட் ஆட்கள் நான்கு பேர். தரையில் புதிதாக மஞ்சள் கோடு, பெயின்ட் காயவில்லை. பிரஸ் ஷாப்பைச் சுற்றிவிட்டு வந்தார்கள், எல்லாம் சரியாக இருந்ததாம்.

11.15. கேன்டீனுக்குப் போகும் வழியில் படத்தின் முன்னால் நின்றார்கள். பிரசன்னா என்னை அறிமுகப்படுத்தினார். ஒருவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். இவ்வளவு நெருக்கமாக யாரும் என் படத்தைப் பார்த்ததில்லை.

"பாக்குறத மட்டும்தான் வரைவீங்களா?"

"ஆமா சார்."

"அப்ப இது என்னம்மா, பட்டன் மேல?"

"ரப்பர் பட்டை சார். சைக்கிள் டியூப் மாதிரி."

சந்தோஷமாகச் சொன்னேன். இதை எழுதியே ஆக வேண்டும். சந்தோஷமாகச் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து பிரசன்னாவைப் பார்த்தார். பிரசன்னா தனசேகரைப் பார்த்தார். தனசேகர் தரையைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடது பொத்தானை டியூப் பிடித்துக்கொண்டிருந்தால், அது எப்போதும் அழுந்தியே இருக்கிறது. இடது கை விடுதலை. தகட்டை வைத்துக்கொண்டே இருக்கலாம். அச்சு இறங்கும்போதும்.

வரைந்தது நான். இடது கை உள்ளே போய் வருவதை நாள் முழுக்கப் பார்த்து, தாளம் என்று எழுதி வைத்தது நான்.

12.00. ஏழாம் மெஷின் நின்றது. டியூப் இல்லை. காலையிலேயே கழற்றியிருந்தார்கள். படத்தில்தான் இருந்தது.

12.20. ஷா. அக்கா கேட்டுக்கு வெளியே. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம். டிபன் பாக்ஸ் திறக்கப்படாமலேயே கையில். என்னைத் தாண்டித்தான் போனார்.


நவம்பர் 15, சனி

கனமழை. இரும்புலியூர் தெருவில் கணுக்கால் தண்ணீர். வாட்ச்மேனிடம் விலாசம் வாங்கிப் போனேன்.

வாசலில் விளக்குமாற்றால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நானே செருப்பைக் கழற்றினேன்.

மன்னிப்புக் கேட்டேன்.

"உன் மன்னிப்ப வெச்சிகினு இன்னா பண்றது? தகடு அடிக்கறதா?"

"எனக்குத் தெரியாது அக்கா."

"அன்னிக்கே சொன்னேன்ல, எடுத்துடுன்னு."

"நல்லா இல்லன்னுதானே சொன்னீங்க."

"பின்ன? பக்கத்துல தனசேகர் பல்லு குத்திகினு நிக்கறாரு. டியூப் கட்டி ஓட்டறேன்னு மைக் புடிச்சி சொல்லணுமா?"

டியூப் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தனசேகர் கொடுத்ததாம், பேன்ட் பாக்கெட்டிலிருந்து. மணிக்கு மணி போர்டில் எழுதும் எண்ணிக்கை வராவிட்டால் அவருக்கு மேலிருந்து திட்டு. "குடுத்தது அவரு. மாட்டனது நானு. என்னை யாரும் கையப் புடிச்சி மாட்ட வெக்கல, அதயும் சொல்லணும்ல."

"பயமா இல்லையா அக்கா?"

"மொத வாரம் இருந்துச்சி. பயந்துகினே இருந்தா எண்ணிக்க வராது."

ஒன்பது வருடமாகக் கான்ட்ராக்ட். டிசம்பரில் நிரந்தரமாக்கும் பட்டியல் வருகிறது. "அதுல எம் பேரு கீது. நேத்து காலைல வரைக்கும் இருந்துச்சி."

டீ கொடுத்தார். கொடுக்க விருப்பமில்லாமல்தான் கொடுத்தார், சர்க்கரையும் குறைவு.

"திங்கக்கெழம உன்னைக் கூப்ட்டு கேப்பாங்க. அழகுக்குப் போட்டேன், அங்க ஒண்ணும் இல்லன்னு சொல்லிடு. நீ படிச்ச பொண்ணு. சொன்னா நம்புவாங்க."


நவம்பர் 16, ஞாயிறு

அம்மாவோடு சர்ச். பிரசங்கம் காதில் ஏறவில்லை. வரும் வழியில், ஏரிக்கரையில், கேட்டேன்: ஒருவரைக் காப்பாற்ற என்றால் பொய்ச்சாட்சி சொல்லலாமா?

"யார காப்பாத்த?" என்றாள் அம்மா.

பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா மீன் வாங்க நின்றுவிட்டாள். வஞ்சிரம் இல்லை, சங்கரா கிடைத்தது.

எடை போடுகிறேன். ஒரு பக்கம் என் ஒரு வரி, மறுபக்கம் ஷா. அக்காவின் வேலை. நல்ல வரிதான். ஆனால் அதற்கு ஒன்பது வருடம் இல்லை.


நவம்பர் 17, திங்கள்

விசாரணை. கான்ஃபரன்ஸ் அறை, ஏசி குளிர். பிரசன்னா, தனசேகர், பெயர் தெரியாத ஒரு பெரியவர். தனசேகரின் கண் என்மேல் படவேயில்லை.

பொய் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் கறுப்பு என் கற்பனை. படத்தின் சமநிலைக்காகச் சேர்த்தேன். மெஷினில் அப்படி எதுவும் இருக்கவில்லை.

அப்படியென்றால் படத்தின் கீழே அந்த வரி எதற்கு என்றார் பெரியவர்.

"அது... அப்படி எழுதுறது வழக்கம் சார். விண்ணப்பத்துல."

பெரியவர் சிரித்தார். பிரசன்னாவின் தோள் இறங்கியது. "நானும் இததான் சார் சொன்னேன். ஆர்ட்டிஸ்டிக் லைசென்ஸ்." மேஜை மேல் கடிதம் ஏற்கெனவே தட்டச்சு செய்து கிடந்தது. நான் பேசுவதற்கு முன்பே.

இரண்டு பத்தி. முதல் பத்தி நான் சொன்னது. இரண்டாவது: 'நான் வந்த நாள் முதல் ஏழாம் எண் இயந்திரத்தின் இரு பொத்தான்களும் எப்போதும் இரு கைகளாலும் மட்டுமே இயக்கப்பட்டதை நேரில் கண்டேன்.'

இதை நான் சொல்லவில்லையே என்றேன்.

"அதே மீனிங்தான். ஷாகிதா அக்காவுக்கு நல்லது. நாளைக்கே டூட்டிக்கு வந்துருவாங்க."

கையெழுத்துப் போட்டேன்.


நவம்பர் 18, செவ்வாய்

தூறல். ஷா. அக்கா பஸ்ஸில் இருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்து, பக்கத்து இருக்கையிலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உட்காரச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். வண்டலூர் தாண்டியது. பிறகு, "நல்லாவே பொய் சொல்ற போல" என்றார். பாராட்டா, குத்தலா, தெரியவில்லை.

படத்திலிருந்து பட்டையை நீக்கச் சொன்னார்கள். சட்டத்தைக் கழற்றி, வெள்ளை அடித்து, மேலே பச்சை. கால் மணி நேர வேலை. படம் விழவில்லை. நன்றாகவே நிற்கிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

ஏழாம் மெஷினில் இப்போது இரண்டு கையும் பொத்தானில். வை, எடு, அழுத்து. வை, எடு, அழுத்து. போர்டில் அவர் வரிசை முழுக்கச் சிவப்பு எண்கள்.


நவம்பர் 20, வியாழன்

டியூப் திரும்ப வந்துவிட்டது. புதுசு, பளபளப்பு. நான் பார்த்ததைத் தனசேகர் பார்த்தார். பணிவாக வந்தார்.

"இந்தப் பக்கம் ஒரே எண்ணெயா கீது மேடம், டிரஸ் கெட்டுரும். ஆபீஸ் முன்னால செடியெல்லாம் பூத்துருக்கு. அத்த வரைங்களேன்."

வரைந்தேன். செம்பருத்தி. வாட்ச்மேன், "தத்ரூபம்" என்றார்.

மேஜையில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன்.

இது யாரைக் காப்பாற்றுகிறது:
தனசேகரை.
பிரசன்னாவை.
பெயர் தெரியாத பெரியவரை.
ஷா. அக்காவை, டிசம்பர் வரை.

என்றாவது அச்சு கைமேல் இறங்கினால், கம்பெனியிடம் ஒரு காகிதம் இருக்கிறது. இங்கே எப்போதும் இரண்டு கையால்தான் ஓட்டினார்கள், வெளியிலிருந்து வந்த படித்த பெண் ஒருத்தியே பார்த்திருக்கிறாள். பட்டை கட்டியது தொழிலாளி தானாகச் செய்த தப்பு. கையெழுத்து என்னுடையது. அழகான கையெழுத்து.

யார காப்பாத்த, என்று அம்மா கேட்டாளே.

மாலை பிரசன்னாவிடம் போய்க் கடிதத்தைத் திருப்பித் தரக் கேட்டேன். "ஃபைலாயிடுச்சே" என்றார். அப்புறம், மெதுவாக: "திரும்பக் கிளறினா அந்த அக்கா பேருதான் லிஸ்ட்லேந்து போகும். உங்க இஷ்டம்."


நவம்பர் 21, வெள்ளி

மழை விட்டுவிட்டது. ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க லாரி.

திரும்பும் பஸ். ஷா. அக்கா ஜன்னலோரம், நான் பக்கத்தில். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது பத்தி, ஃபைல், லிஸ்ட். அவர் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தெரியும்" என்றார். "சும்மாவா டூட்டி குடுப்பாங்க? நானும் ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டுகீறேன். எப்பவும் ரெண்டு கையாலதான் ஓட்னேன்னு."

அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"வெளில யார்கிட்டயாவது புகார் குடுக்கலாம் அக்கா. நான் வர்றேன்."

"டிசம்பர் தாண்டட்டும்."

"அதுக்குள்ள எதாவது ஆனா?"

காட்டாங்குளத்தூரில் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக ரோட்டைக் கடந்தார்கள். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அது அடங்கியதும் ஷா. அக்கா கேட்டார்:

"பெருசா வரஞ்சதுல அழிச்சிட்ட. மொதமொத சின்னதா வரஞ்சியே, அந்த நோட்டு?"

"இருக்கு." பையிலிருந்து எடுத்தேன். 14ஆம் பக்கம். கிழிக்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். கிழித்துக் கொடுக்கவும் தயாராக இருந்தேன்.

நெடுநேரம் பார்த்தார். பட்டைமேல் விரல் வைத்தார்.

"தேதி போட்டுகீறியா?"

"ம். ஏழாம் தேதி."

"பென்சில்ல போட்டுகீற. பேனாவுல போடு. மெஷின் நம்பர் போடு. டியூப் குடுத்தது யாருன்னு போடு. மாட்டனது யாருன்னும் போடு, எம் பேரு, முழுசா."

எழுதினேன். பஸ் ஆட, எழுத்து கோணல்மாணல்.

பிறகு எதிர்ப்பக்கத்தைத் திருப்பி, இடது கையை விரித்துத் தாள்மேல் வைத்தார். நகக்கண்ணில் எண்ணெய்.

"சுத்தி வரை. இன்னிக்கு தேதிக்கு எத்தினி வெரல் கீதுன்னு எங்கனா இருக்கட்டும்."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கட்டைவிரலிலிருந்து தொடங்கினேன். வண்டலூர் பாலத்தில் ஏறும்போது பஸ் பள்ளத்தில் இறங்கியது. சுண்டுவிரலில் கோடு விலகி ஓரத்துக்கு ஓடிவிட்டது. கை தானாக நின்றது.

"அப்டியே வுடு" என்றார். "எதயும் சரி பண்ணாத."